ஃபுல் டேங்குக்கு மேலே விட்ட இடத்துக்கு என்ன சொல்?

கோவையிலிருந்து

மடற்குழுவில் அனைவருக்கும் வணக்கம். தொழிற்பயிற்சி மாணவர்களுக்கு மோட்டார் மெக்கானிக் பாடம் நடத்துகிறேன். எரிபொருள் பாடத்தின் தமிழ் வடிவம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். இரண்டு சொல் கிடைக்காமல் நிற்கிறேன்.

போன வாரம் ஒரு மாணவன் பங்க் ரசீதோடு வந்தான். அப்பாவின் காருக்குக் கையேட்டில் டேங்க் 37 லிட்டர், ரசீதில் 40.6. ஏமாற்றிவிட்டார்கள் என்று பங்க்கில் பெரிய சண்டை. ஐந்து லிட்டர் அளவுக் கலனில் பிடித்துக் காட்டச் சொல்லியிருக்கிறார்கள்; அளவு சரியாகவே இருந்ததாம். விசாரித்தால், ஆட்டோ கட் ஆகி நாசில் தானாக நின்ற பிறகும் நாலைந்து முறை விட்டு விட்டு அழுத்திக் கழுத்துவரை ஏற்றியிருக்கிறார்கள்.

கையேட்டில் போடுவது டேங்க் பிடிக்கும் மொத்த அளவு இல்லை. மேலே வேண்டுமென்றே இடம் விட்டுத்தான் அந்த எண்ணைச் சொல்கிறார்கள். பங்க்கில் தரைக்கடியில் குளிர்ச்சியாக இருந்த பெட்ரோல், வெயிலில் நிற்கும் காருக்குள் 15 டிகிரி சூடேறினால் 37 லிட்டர் அரை லிட்டர் பெருக்கும். ஆவிக்கும் இடம் வேண்டும். அந்த ஆவியைப் பிடித்துவைக்கக் கரி நிரப்பிய கேனிஸ்டர் ஒன்று இருக்கிறது. கழுத்துவரை ஏற்றினால் பெட்ரோலே அதற்குள் போய்க் கரியைக் கெடுக்கும்.

கையேட்டின் எண்ணுக்கு ‘குறித்த கொள்ளளவு’ என்று வைத்துவிட்டேன். கழுத்துவரை பிடிக்கும் அளவுக்கு என்ன? மேலே விட்ட இடத்துக்கு என்ன?

மதுரையிலிருந்து

ஐயா, முதலாவதற்குத் ‘ததும்பளவு’. கண்ணீர் ததும்ப என்கிறோமே, விளிம்புவரை வந்து நிற்பதுதான் ததும்பல்.

‘ஆழ அமுக்கி முகக்கினும் ஆழ்கடல்நீர் நாழி முகவாது நானாழி’ என்பது மூதுரை. நாழி என்றால் வாய்வரை. நெல் அளக்கும்போது தலைதட்டி அளப்பது ஒன்று, கூம்பு வைத்து அளப்பது ஒன்று. இரண்டுக்கும் தனித்தனிப் பேச்சு நம்மிடம் இருந்தது. இங்கே வாய்க்கு நாலு விரல் கீழே நிறுத்தி அதையே நாழி என்கிறார்கள். குழப்பம் அங்கேதான். ஆகவே விளிம்பைச் சுட்டும் சொல் வேண்டும்.

சென்னையிலிருந்து

ததும்பல் எனக்கு ஒட்டவில்லை ஐயா. ததும்பு, தளும்பு இரண்டும் ஒன்றாகவே காதில் விழுகின்றன. குறைகுடம் தளும்பும், நிறைகுடம் தளும்பாது என்று படித்த பையன் ததும்பளவு என்றால் பாதி டேங்க் என்று எடுத்துக்கொள்வான். ‘முட்டளவு’ போதும். வயிறு முட்டச் சாப்பிட்டான் என்றால் புரியாதவர் உண்டா?

மேலே விடும் இடத்துக்கு: அப்பா பட்டறை வைத்திருந்தார், அங்கே ‘கேப்’ என்றுதான் சொல்வார்கள். ஆனால் அம்மாவிடம் இதைவிட நல்ல பேச்சு இருந்தது. பால் சட்டியை அடுப்பில் ஏற்றும்போது, ‘பொங்க இடம் விட்டு ஊத்துடி’ என்பார். ‘பொங்கிடம்’ என்று வைத்தால் என்ன?

மதுரையிலிருந்து

அம்மா, முட்டு என்றால் குறைவு என்றும் பொருள் உண்டு. முட்டுப்பாடு என்பது இல்லாமை அல்லவா? நிறைவைச் சொல்ல வந்த இடத்தில் குறைவை வைக்கலாமா?

தஞ்சாவூரிலிருந்து

டேங்க், பெட்ரோல் என்றே எழுதிவிட்டு நடுவில் ஒரு சொல்லை மட்டும் தமிழாக்குவது கிழிந்த வேட்டிக்குப் பட்டு ஒட்டுப் போடுவது போல. பெட்ரோலுக்குக் கன்னெய் இருக்கிறது. டேங்குக்குத் தாங்கல். பழவந்தாங்கல், வேடந்தாங்கல் என்று ஊர்ப்பெயரிலேயே நீரைத் தாங்கும் ஏரியாக அது நிற்கிறது.

பொங்கிடமும் பிழை. கன்னெய் பொங்காது, விரியும். ‘விரிவிடம்’ என்பதே சரி.

யாழ்ப்பாணத்திலிருந்து

எங்களுக்கு அது எப்போதும் எரிபொருள் தாங்கிதான். பள்ளிப் பிள்ளைக்கும் விளங்கும். அது டாங்க் என்ற ஒலியைத் தழுவி வந்ததா, தாங்கு என்ற வேரிலிருந்து வந்ததா என்று நாங்கள் கேட்டதில்லை. பெற்றோல் பெற்றோலாகவே இருக்கட்டும்.

2022இல் இலங்கையில் எரிபொருள் தட்டுப்பாடு வந்தபோது கியூ.ஆர். பங்கீட்டு முறையில் காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் தந்தார்கள். அந்த நாட்களில் தாங்கிக்குள் எவ்வளவு கிடக்கிறது, எவ்வளவு கொள்ளும் என்பது எல்லாருக்கும் மனப்பாடம். அடியில் பம்பி உறிஞ்ச முடியாமல் கிடக்கும் பெற்றோலுக்கும் ஒரு சொல் வேண்டும். ‘அடியிருப்பு’ சரிவருமா?

கோவையிலிருந்து

அடியிருப்பை அப்படியே எடுத்துக்கொள்கிறேன், நன்றி.

தஞ்சை ஐயாவுக்கு: தாங்கல் அழகான சொல், மறுக்கவில்லை. ஆனால் இந்தப் பிள்ளைகள் நாளை பட்டறையில் நின்று, ‘சார், டேங்க் ஃபுல் பண்ணாதீங்க’ என்று வண்டிக்காரருக்குச் சொல்ல வேண்டியவர்கள். ஏன் என்று அவர் கேட்டால் ஒரே வாக்கியத்தில் பதில் வர வேண்டும். நேற்று வகுப்பில் விளக்கம் சொல்லாமல் இரண்டு சொல்லையும் பலகையில் எழுதினேன். விரிவிடம் என்றதும் ஒருவன் வண்டி நிறுத்தும் இடமா என்றான். பொங்கிடம் என்றதும் பின்வரிசைப் பையன், ‘பால் சட்டி மாதிரியா சார்?’ என்றான். அதற்கு மேல் நான் விளக்கவே இல்லை.

தஞ்சாவூரிலிருந்து

பால் சட்டி என்று புரிந்ததே ஆபத்து. சூடேறினால் பெட்ரோல் நுரைத்து வழியும் என்று நினைப்பான். இயற்பியல் தவறு, தமிழ் எளிது என்பதற்காகச் சரியாகிவிடாது.

சென்னையிலிருந்து

நுரைக்கும் செய்தியும் உண்டு ஐயா. வேகமாக அடிக்கும்போது நுரை நாசில் முனையின் சின்ன ஓட்டையை மூடினாலே ஆட்டோ கட் முன்கூட்டி விழும். பொங்கிடம் முழுத் தவறில்லை.

கோவையிலிருந்து

நாளை காலை கோப்பை அனுப்ப வேண்டும். இதுவரை பொங்கிடத்துக்கு ஐவர், விரிவிடத்துக்கு இருவர். முட்டளவுக்கு நால்வர், ததும்பளவுக்கு மூவர். பொங்கிடம், முட்டளவு என்றே போடுகிறேன். விரிவிடம் சொல்லடைவில் பக்கத்தில் வரும்.

மதுரையிலிருந்து

பொங்கிடத்துக்கு என் கையும் உண்டு. முட்டளவுக்கு இல்லை. அடுத்த பதிப்பு வரும்போது இந்த மடலை எடுத்து வையுங்கள் ஐயா, அப்போதும் ததும்பளவு என்றுதான் எழுதுவேன்.