ஃபாரோ தீவுகளுக்கு ஏப்ரல் இறுதியில் செல்வதா, மே மாதத்தில் செல்வதா?

கோவைவாசி:
அலுவலகப் பணியாகக் கோபன்ஹேகன் செல்லவிருக்கிறேன். பணி முடிந்த கையோடு அம்மாவையும் அங்கே வரவழைத்து, இருவருமாக ஃபாரோ தீவுகளுக்குச் சென்று ஒரு வாரம் தங்கி வரலாம் என்று எண்ணம். ஏப்ரல் கடைசி வாரத்தில் விமானக் கட்டணம் குறைவாக இருக்கிறது. ஆனால் மிச்சினெஸ் தீவில் பஃபின் பறவைகளைப் பார்ப்பதுதான் பயணத்தின் முதன்மையான நோக்கம். அம்மாவுக்கு வயது 65. சமதரையில் நன்றாக நடப்பார், ஏற்றம் ஆகாது. உணவும் சைவம் மட்டுமே. எந்த வாரம் உகந்தது, வாடகைக் கார் அவசியமா என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

கடற்காகம்:
மிச்சினெஸ்தான் நோக்கம் என்றால் ஏப்ரலை மறந்துவிடுங்கள். பஃபின்கள் ஏப்ரல் நடுவிலேயே கரைக்கு வரத் தொடங்கிவிடும் என்றாலும், வாகர் தீவிலுள்ள சோர்வாகூரிலிருந்து மிச்சினெஸுக்குச் செல்லும் படகு வழக்கமாக மே 1 முதல் ஆகஸ்ட் 31 வரைதான் ஓடுகிறது. ஹெலிகாப்டர் உண்டு, ஆனால் அது தீவுவாசிகளுக்காக அரசு மானியத்தில் இயங்குவது, எல்லா நாளும் பறப்பதில்லை, அதே நாளில் அதிலேயே திரும்பவும் முடியாது.

மே மாதத்திலும் படகு கிளம்பியே தீரும் என்ற உறுதி கிடையாது. மிச்சினெஸின் படகுத்துறை பாறைகளுக்கு நடுவே ஒரு குறுகிய பிளவில் இருக்கிறது. வெயில் பளிச்சென்று அடித்தாலும், அலை சற்றே ஓங்கிவிட்டால் படகு அங்கே அணைய முடியாது. காலையில் சென்றவர்கள் மாலைப் படகு ரத்தாகி இரவு அங்கேயே தங்க நேர்வதும் உண்டு. ஆகவே வந்திறங்கியதும் விமான நிலையம் இருக்கும் வாகர் தீவிலேயே சில இரவுகள் தங்கி, மிச்சினெஸை முதலில் முடித்துக்கொள்ளுங்கள்; இன்று தவறினாலும் நாளை என்று ஒரு வாய்ப்பு இருக்கும். கடைசி நாளுக்கு வைத்துக்கொண்டால் திரும்பும் விமானத்தையும் சேர்த்துப் பணயம் வைத்ததாகிவிடும்.

இன்னொன்று: 2019 முதல் வசந்த காலத்தில் சில நாட்களுக்குப் பெயர்பெற்ற நடைபாதைகள் சிலவற்றைச் சுற்றுலாப் பயணிகளுக்கு மூடிவிட்டு, தன்னார்வலர்களைக் கொண்டு சீரமைக்கும் வழக்கம் வந்திருக்கிறது. தேதி உறுதி செய்யுமுன் அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பயணப்பை:
விசாவைப் பற்றி யாரும் சொல்லவில்லையே! ஃபாரோ தீவுகள் டென்மார்க் அரசின் கீழ் இருந்தாலும் ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குச் சென்றுவர வகைசெய்யும் ஷெங்கன் பகுதிக்குள் வராதவை. இந்தியக் கடவுச்சீட்டு உடையவர் என்றால், விசாவில் ஃபாரோ தீவுகளுக்கும் செல்லுபடியாகும் என்று வெளிப்படையாகக் குறித்திருக்க வேண்டும். விண்ணப்பிக்கும்போதே கேட்டு வாங்கிவிடுங்கள், இருவருக்குமே.

வடதிசை:
கடற்காகம் சொன்ன தேதிக் கணக்கில் எனக்கு மறுப்பில்லை. அம்மாவை மிச்சினெஸுக்கு அழைத்துச் செல்வதில்தான் உடன்பாடில்லை. படகை விட்டு இறங்கியதுமே செங்குத்தான படிகள். பறவைகள் கூடு கட்டும் சரிவுக்குச் செல்லும் பாதையோ ஈரப் புல்லும் சேறுமாக வழுக்கும். வெஸ்ட்மன்னா என்ற ஊரிலிருந்து பாறைச் சுவர்களின் அடிவாரத்துக்கே செல்லும் சுற்றுலாப் படகில் அவரை உட்கார வைத்தால், கடற்பறவைகளை அண்ணாந்தபடியே பார்த்துவிடலாம். மிச்சினெஸுக்கு நீங்கள் மட்டும் ஒரு நாள் போய் வாருங்கள்.

அவருக்கு ஏற்ற மற்ற இடங்களுக்கும் குறைவில்லை. காசதாலூரில் மூலாஃபோசூர் அருவி நேரே கடலில் விழும் இடத்துக்கு ஊரிலிருந்து சிறுநடைதான். காற்று பலமாக இருந்தால் அருவி நீர் கீழே விழாமல் மேல்நோக்கிச் சிதறுவதைக்கூடப் பார்க்கலாம். தலைநகர் டோர்ஷாவ்னுக்கு அருகில் கிர்க்யுபோர் சென்றால், கூரையின்றி நிற்கும் இடைக்காலப் பேராலயமும், தலைமுறை தலைமுறையாக ஒரே குடும்பம் வாழ்ந்துவரும் பழைய மரவீடும் அடுத்தடுத்து இருக்கின்றன.

இப்படி ஒரு பயணத்துக்குக் கார் அவசியம் என்றே சொல்வேன். பேருந்துகள் உண்டு, ஆனால் சிற்றூர்களுக்கு அவை நாளொன்றுக்குச் சில தடவை மட்டுமே செல்லும். கடலடிச் சுரங்கப்பாதைகளில் சுங்கச்சாவடி கிடையாது. கேமரா வண்டி எண்ணைப் பதிவு செய்துகொள்ளும், கட்டணம் வாடகை நிறுவனம் வழியாக வரும். 2020 டிசம்பரில் திறந்த எய்ஸ்டுரோய் சுரங்கத்தில், கடலுக்கு அடியிலேயே ஒரு வட்டச் சந்திப்பு இருக்கிறது. அதற்காகவே ஒருமுறை அதில் போய் வரலாம். வடக்குத் தீவுகளின் பழைய சுரங்கங்கள் ஒருவழி அகலமே உள்ளவை. ஒதுங்குமிடங்கள் யாருடைய வலப்பக்கத்தில் இருக்கின்றனவோ, அவர்தான் ஒதுங்கி எதிர்வண்டிக்கு வழிவிட வேண்டும்.

காற்றை மட்டும் இலேசாக எண்ணாதீர்கள். முடிந்தவரை வண்டியின் முகப்பு காற்றுக்கு எதிராக இருக்கும்படி நிறுத்தி, கதவை ஒரு கையால் இறுகப் பிடித்துக்கொண்டே திறக்கச் சொல்லுங்கள். பின்னாலிருந்து அடிக்கும் காற்று கதவைப் பிடுங்கி முன்பக்கம் மடித்துவிடும். இந்தச் சேதத்தைப் பெரும்பாலான வாடகைக் காப்பீடுகள் ஏற்பதில்லை.

கோவைவாசி:
மூவருக்கும் மிக்க நன்றி. மே முதல் வாரத்துக்கே மாற்றிக்கொள்கிறேன், வெஸ்ட்மன்னா படகையும் சேர்த்துக்கொள்கிறேன். அம்மாவின் சாப்பாட்டுக்கு மட்டும் என்ன செய்வது?

வடதிசை:
சமையலறை உள்ள வீடாக எடுங்கள். மீனும் ஆட்டிறைச்சியுமே அங்கே பிரதானம் என்பதால், டோர்ஷாவ்னைத் தாண்டினால் சைவ உணவகத்தை நம்பிப் பயனில்லை. அரிசியும் காய்கறியும் பேரங்காடிகளில் கிடைக்கும். பருப்பு, மிளகாய்த்தூள் வகையறாக்களைக் கோபன்ஹேகனிலேயே வாங்கிவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை பல கடைகள் திறக்கமாட்டார்கள், சனிக்கிழமையே வாங்கி வையுங்கள்.