பால்மம் பத்தே நிமிடத்தில் உடைகிறது, உதவுங்கள்

மட்டக்களப்பில் இறுதியாண்டு இரசாயன ஆய்வு செய்கிறேன். முலாம் பூசும் பட்டறைக் கழிவுநீரில் இருந்து ஆறு வலுவளவு குரோமியத்தை (அதன் நச்சு வடிவம்) திரவ மென்சவ்வால் பிரிக்க வேண்டும். அதாவது, காரநீர்த் துளிகளை எண்ணெயில் அடித்துப் பால்மமாக்கி (எமல்ஷன்) கழிவுநீரில் கலக்கினால், எண்ணெய்ப் படலம் வழியே குரோமியம் துளிகளுக்குள் போய்ச் சேரும். மூன்று வாரமாக ஒரே இடத்தில் நிற்கிறேன்.

மென்சவ்வு: மண்ணெண்ணெய், பால்மமாக்கியாக ஸ்பான் 80, குரோமியத்தை எண்ணெய் வழியே சுமக்கும் காவியாக ட்ரைஒக்டைல் அமீன். உள்துளிகளில் காரமாகச் சோடியம் ஐதரொட்சைட்டு 0.5 மோலார். கழிவுநீரின் பிஎச் 2. ஹோமோஜனைசர் இல்லை, பிளெண்டரில்தான் அடிக்கிறேன்.

முதல் ஐந்து நிமிடம் குரோமியத்தின் மஞ்சள் நிறம் அழகாக மங்குகிறது. அப்புறம் பால்மம் வீங்கி, பத்தாம் நிமிடத்தில் உடைகிறது. பிடித்த குரோமியம் முழுக்கத் திரும்ப நீருக்கே வந்துவிடுகிறது.

ஸ்பானை 2% இலிருந்து 4% ஆக்கினேன்: உடைவது குறைந்தது, வீக்கம் கூடியது. கலக்கும் வேகத்தை நிமிடத்துக்கு 400 சுற்றிலிருந்து 250 ஆகக் குறைத்தால் பிரிப்பு மந்தம். காரத்தை 0.1 மோலாராக்கினால் பால்மம் கொஞ்சம் தாங்குகிறது, ஆனால் உள்ளே குரோமியம் போதியளவு சேர்வதில்லை. ஸ்பான் ஒரு எஸ்தர், காரம் அதை அரிக்கிறது என்றுதான் நினைக்கிறேன்.

இந்த நீர் சுத்திகரிக்காமல் வாவிக்குப் போனால் மீனும் இறாலும் என்னாகும்? அதனால் இதை விட மனமில்லை.

காரத்தைத் தாங்கும், இலங்கையில் வாங்கக்கூடிய வேறு பால்மமாக்கி எது?