காக்கை அஞ்சல் சுற்று: வந்தவையும் போனவையும்

கையால் செய்த காக்கை அட்டைகளை ஒருவருக்கொருவர் தபாலில் அனுப்பிக்கொள்ளும் நம் சுற்று முடிந்துவிட்டது. கடல் தாண்டிப் போன ஒன்றிரண்டு உறைகள் இன்னும் வழியில் இருக்கின்றன, வரும்போது வரட்டும். உங்களுக்கு என்ன வந்தது, நீங்கள் அனுப்பியதை எப்படிச் செய்தீர்கள், செய்கிற சாக்கில் காக்கையிடம் எதைக் கவனித்தீர்கள் என்று எழுதுங்கள். நானே ஆரம்பித்து வைக்கிறேன். மூன்று நட்சத்திரத்துக்குக் கீழே வருவதெல்லாம் அடுத்தடுத்தவர் எழுதியது.

காக்கைதானே, ஒரு கறுப்பு மைப் புட்டி போதும் என்று இறங்கியவர்கள்தான் அதிகம். ஆனால் எனக்கு வந்தவற்றை மேசையில் பரப்பிப் பார்த்தால் முழுக் கறுப்புக் காக்கை குறைவு. வடக்கு ஐரோப்பாவிலிருந்து வந்ததற்கு உடம்பு சாம்பல். தலையும் இறக்கையும் வாலும்தான் கறுப்பு. ஆப்பிரிக்காவிலிருந்து வந்ததற்கு மார்பு பளிச்சென்று வெள்ளை. தெற்காசியாவிலிருந்து வந்த வீட்டுக் காகத்துக்குக் கழுத்தைச் சுற்றிச் சாம்பல். அண்டங்காக்கைக்கு அந்தச் சாம்பல் கிடையாது, ஆனால் அலகு தடித்து வளைந்திருக்கும். அட்டையைத் திருப்பி முகவரியைப் பார்ப்பதற்கு முன்பே எந்தப் பக்கத்துக் காக்கை என்று பாதி சொல்லிவிடலாம். பாதிதான். வீட்டுக் காகம் கப்பலேறிக் கிழக்கு ஆப்பிரிக்கத் துறைமுகங்களில் எப்போதோ குடியேறிவிட்டது.

இதில் எனக்கு ஒரு கருத்து உறுதியாகிவிட்டது. தலைப்பை 'காக்கை' என்று மட்டும் கொடுத்தால் எல்லாரும் மனதில் இருக்கிற ஒரு பொதுக் காக்கையை வரைந்து அனுப்புகிறார்கள். தன் சன்னலுக்கு வருகிற காக்கையைப் பார்த்து வரைந்தவர்களின் அட்டை வேறு மாதிரி இருக்கிறது. கை அவ்வளவு தேர்ந்ததாக இல்லாவிட்டாலும்கூட.

புதிதாகச் சேர்ந்தவர்கள் கேட்டதால் இரண்டு வரி. அஞ்சல் கலைக்கு நடுவர் கிடையாது, கட்டணம் கிடையாது, அனுப்பியதைத் திருப்பிக் கேட்கக் கூடாது. 1950களில் நியூயார்க்கில் ரே ஜான்சன் என்ற கலைஞர் தன் கொலாஜ்களை, அதாவது வெட்டி ஒட்டிய படங்களை, தெரிந்தவர்களுக்குத் தபாலில் அனுப்ப ஆரம்பித்தார். சிலவற்றில், இதில் ஏதாவது சேர்த்து எனக்கே திருப்பி அனுப்புங்கள் என்று எழுதியும் விடுவார். 1970இல் விட்னி அருங்காட்சியகத்தில் அந்த வட்டத்தின் அஞ்சல்களைக் காட்சிக்கு வைத்தார்கள். சிலர் அனுப்பிய குட்டி அட்டைகள், அதாவது 64 × 89 மில்லிமீட்டர் ஏடிசி (ஆர்ட்டிஸ்ட் டிரேடிங் கார்டு), 1997இல் சூரிச்சில் தொடங்கிய வழக்கம். அவற்றை மாற்றிக்கொள்ளலாம், விற்கக் கூடாது. அவ்வளவுதான் சட்டம்.

* * *

கறுப்பைப் பற்றி நான் சொல்கிறேன், ஏனென்றால் இந்தச் சுற்றில் என்னைப் பாடாய்ப் படுத்தியது அதுதான்.

டியூபிலிருந்து பிதுக்கிய கறுப்பை அப்படியே பூசினால் காய்ந்ததும் காக்கை காகிதத்தில் விழுந்த ஓட்டையாகத் தெரியும். அல்ட்ராமரின் நீலத்தையும் பர்ன்ட் அம்பர் பழுப்பையும் கலந்து கறுப்பு செய்துகொண்டால் அதற்குள் ஒரு உயிர் இருக்கிறது. நீலம் கொஞ்சம் தூக்கலாக இருந்தால் முதுகு, பழுப்பு தூக்கலாக இருந்தால் அடிவயிறு. காய்ந்த பிறகு தோள்பட்டையில் மட்டும் ஊதாவைத் தண்ணீராகக் கரைத்து ஒரு பூச்சு.

காக்கை வெயிலில் திரும்பும்போது வரும் அந்த நீலமும் ஊதாவும் சாயம் அல்ல. இறகின் நுண்ணிழைகளுக்குள் மெலனின் என்ற நிறமியின் துகள்கள் கெரட்டின் என்ற இறகுப் புரதத்தோடு அடுக்கடுக்காக அமைந்திருக்கின்றன. அந்த அடுக்குகளில் பட்டுத் திரும்பும் ஒளிதான் நிறமாகத் தெரிகிறது. அதனால்தான் நாம் நகர்ந்தால் நிறமும் நகர்கிறது. வண்ணத்தில் இதைக் கொண்டுவரவே முடியாது என்று நான் முடிவு கட்டியிருந்த நேரத்தில்தான் இந்தச் சுற்றில் எனக்கு அனுப்ப வேண்டிய ஜோடியின் உறை வந்தது.

உள்ளே ஒரு கொலாஜ் காக்கை. முழுக்க முழுக்கப் பழைய கார்பன் தாள். தட்டச்சில் பயன்படுத்தித் தீர்ந்த தாள் என்பதால் எழுத்து விழுந்த இடமெல்லாம் மை போய் வெளிறியிருக்கிறது. இறக்கையின் நீள இறகுகளைத் தனித்தனிப் பட்டையாக நறுக்கி, ஒன்றின் மேல் ஒன்று பாதி ஏறுகிற மாதிரி ஒட்டியிருக்கிறார். விளிம்பில் மட்டும் கத்தரிக்கோலால் சிறு சிறு வெட்டு. விளக்கடியில் அட்டையைச் சாய்த்தால் கறுப்பு நீலமாகி, இன்னும் சாய்த்தால் ஊதாவாகிறது. மூன்றாவது இறகில் தலைகீழாக "தங்கள் உண்மையுள்ள" என்று படிக்க முடிகிறது. யாருடைய விண்ணப்பமோ!

செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு: கார்பன் தாள் கையில் ஒட்டும், உறையில் ஒட்டும், தபால்காரர் விரலிலும் ஒட்டும். ஒட்டி முடித்ததும் வார்னிஷ் ஸ்பிரே அடித்து, மேலே ஒரு பட்டர் பேப்பர் வைத்துத்தான் உறைக்குள் போட வேண்டும். கரி, மென்பென்சில் ஓவியங்களுக்கும் இதே கதைதான்.

* * *

எனக்கு வந்தது சின்னது. ஏடிசி அளவில் ஒரு கூடு, அதில் வாய் பிளந்த நாலு குஞ்சு. தாய்க் காக்கை பெருமையாகப் பக்கத்தில் நிற்கிறது. ஒரு குறிப்பும் இல்லை. அழகாக இருக்கிறது என்று அலமாரியில் சாய்த்து வைத்துவிட்டேன். அப்புறம் ஒருநாள் உற்றுப் பார்த்தால் மூன்று குஞ்சுக்கு வாயின் உட்புறம் ஒரே சிவப்பு, ஓரத்தில் இருக்கிறதற்கு மட்டும் வேறு நிறம், உடம்பும் கொஞ்சம் சிறுசு.

குயில்!

அனுப்பியவருக்கு எழுதினேன். "கண்டுபிடிக்க எவ்வளவு நாள் ஆகும் என்று நாங்கள் வீட்டில் பந்தயம் கட்டியிருந்தோம்" என்று பதில். யார் ஜெயித்தது என்று மட்டும் சொல்லவில்லை.

* * *

கார்பன் தாள் பற்றி எழுதியவருக்கு நன்றி, பழைய கோப்புகளைக் கிளறப் போகிறேன். நான் தபால் பக்கத்தைச் சொல்கிறேன்.

கறுப்பு உறை பார்க்க அருமைதான். ஆனால் முகவரியைப் பெரும்பாலும் இயந்திரம் படிக்கிறது. கறுப்பின் மேல் வெள்ளி மையில் எழுதினால் அது திணறும். வெள்ளை லேபிள் ஒட்டி அதில் கறுப்பு மையில் முகவரி எழுதிவிட்டு, மிச்ச இடத்தில் வெள்ளை ஜெல் பேனாவால் எத்தனை காக்கை வேண்டுமானாலும் வரையுங்கள். உறையின் அடியோரம் ஒரு பட்டை காலியாக இருக்கட்டும். பல நாடுகளில் பார்கோடு அங்கேதான் விழுகிறது. அனுப்புநர் முகவரியைப் பெறுநர் முகவரியைவிட அலங்காரமாக எழுதாதீர்கள். எங்கள் சுற்றில் ஒரு உறை கிளம்பிய வீட்டுக்கே மூன்று தடவை திரும்பிப் போனது. இனிமேல் அது காக்கை அல்ல, புறா என்று அதை அனுப்பிய அம்மா எழுதியிருந்தார்.

உறை இல்லாமல் வெறும் அட்டையாக வெளிநாட்டுக்கு அனுப்புபவர்கள் அளவைக் கவனியுங்கள்: குறைந்தது 90 × 140, அதிகபட்சம் 120 × 235 மில்லிமீட்டர். காக்கை வடிவத்திலேயே வெட்டி அனுப்பலாமா என்று ஒருவர் கேட்டார். அலகு தபால் இயந்திரத்தின் உருளையில் மாட்டும். வேண்டாம்.

நீங்களே செய்த காக்கைத் தபால்தலையைப் பின்பக்கம் ஒட்டுங்கள், உண்மையான தபால்தலைக்குப் பக்கத்தில் அல்ல. பார்ப்பவர் குழம்பினால் நமக்குத்தான் வம்பு.

இதெல்லாம் கசப்பு மருந்து. இனிப்பும் ஒன்று உண்டு. எனக்கு வந்த அட்டையில் காக்கை ஒன்று தபால்தலையின் இடப்பக்கம் அந்தரத்தில் நிற்கிறது. காலுக்குக் கீழே ஒன்றுமே வரையவில்லை. அந்த இடத்தில் தபால் முத்திரையின் அலைக்கோடுகள் விழுந்து, காக்கை இப்போது மின்கம்பியில் உட்கார்ந்திருக்கிறது. கணக்குப் போட்டே விட்டிருக்கிறார். ஓவியத்தின் பாதியைத் தபால் நிலையத்தையே போட வைத்த இந்த வேலைக்கு முன்னால் மற்றதெல்லாம் சும்மா என்பேன்.

* * *

எல்லாரும் பாராட்டுகிற இடத்தில் ஒரு குறை சொல்லலாமா? முழுநிலவு, இலையுதிர்ந்த மரம், கல்லறை, மண்டையோடு. இந்தச் சுற்றிலும் அவை வந்தன. காக்கை என்றாலே சாவு என்று யார் எழுதிக் கொடுத்தது? நான் பார்க்கிற காக்கை காலையில் பைப்படியில் குளித்துவிட்டு, சிலிர்த்துக்கொண்டு, அடுத்த காக்கையின் பிடரியைக் கோதிவிடுகிறது. அந்தக் கோதல் ஒரு அட்டையில்கூட இல்லை.

* * *

மேலே குறைபட்டவர் கொஞ்சம் இதையும் கேளுங்கள். எனக்கு அலாஸ்காவிலிருந்து ஒரு அட்டை வந்தது. லினோகட், அதாவது லினோலியத்தில் செதுக்கி அச்செடுத்தது. காக்கையின் மேல் அலகு அளவுக்கு மீறி நீண்டு, கீழ் அலகைத் தாண்டி வளைந்து தொங்குகிறது. முதலில் கற்பனை என்றுதான் நினைத்தேன். பின்பக்கத்தில் எழுதியிருந்தார்: அவர் வீட்டுப் பக்கம் வருகிற பறவையே அதுதானாம். அங்கே 1990களின் பிற்பகுதியிலிருந்து சின்னச் சின்னப் பறவைகளிலும் காக்கைகளிலும் இப்படி அலகு கட்டுப்பாடின்றி வளர்வது பதிவாகி வருகிறது. 2016இல் அதோடு தொடர்புடைய ஒரு வைரஸையும் அடையாளம் கண்டார்கள். அந்த அலகை வைத்துக்கொண்டு இரை எடுக்கவும் முடியாது, இறகு கோதவும் முடியாது.

லினோவில் அந்தக் காக்கையின் இறகுகளைச் சீராகச் செதுக்காமல், ஒட்டிப்போய்ச் சிக்கலாக, அழுக்காகவே விட்டிருக்கிறார். கோத முடியாத இறகு அப்படித்தான் இருக்கும் என்று புரிய எனக்குச் சற்று நேரம் ஆனது. சுவரில் மாட்டும் படம் இல்லை அது. ஆனால் இந்தச் சுற்றில் ஒன்றே ஒன்றை வைத்துக்கொள் என்றால் அதைத்தான் எடுப்பேன். சுற்று ஆரம்பித்தவர் சொன்ன 'சன்னலுக்கு வருகிற காக்கை' இதுதானே?

* * *

நான் அனுப்பியதைச் சொல்லிவிடுகிறேன். ரப்பரில் ஸ்டாம்ப் செதுக்குவது என் வேலை. மேசை சன்னலோரம். ஒரு காக்கை, இடது இறக்கையில் ஒரு வெள்ளை இறகு இருப்பதால் அதே காக்கைதான் என்று தெரியும், நான் உட்கார்ந்ததும் வந்துவிடும். வேறு யாராவது அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் எட்ட நின்று கத்தும். சியாட்டிலில் 2006இல் தொடங்கிய ஒரு ஆராய்ச்சியில், ஒரு குறிப்பிட்ட முகமூடி போட்டவர்கள் காக்கைகளைப் பிடித்து வளையம் மாட்டி விட்டார்கள். அதற்கப்புறம் பல ஆண்டுகள் அந்த முகமூடியை யார் போட்டுப் போனாலும் காக்கைகள் துரத்தித் திட்டின. பிடிபடாத காக்கைகளும் சேர்ந்துகொண்டன. முகத்தை நினைவில் வைப்பதில் அவ்வளவு கெட்டி. அப்படியானால் என் முகம் இந்தக் காக்கைக்கு எப்படி இருக்கும்?

அதைத்தான் செதுக்கினேன். அட்டையில் காக்கை கிடையாது. மேலிருந்து பார்த்த என் தலை, வகிடு, கண்ணாடியின் மேல் விளிம்பு, கையில் உளி. ஓரத்தில் மட்டும் மங்கலாக ஒரு அலகு நுனி, பார்ப்பவரின் அலகு. செதுக்கி முடிப்பதற்குள் அந்தப் பறவை உள்ளே எட்டி, செதுக்கிப்போட்ட ரப்பர் துணுக்கை ஒவ்வொன்றாக எடுத்துச் சுவைத்துத் துப்பிவிட்டுப் போனது. அதன் மதிப்பீட்டை நான் தனிப்பட்ட முறையில் எடுத்துக்கொள்ளவில்லை.

* * *

ஒரு கேள்வி. மொட்டைமாடியில் காக்கை இறகு உதிர்ந்து கிடக்கிறது, நல்ல நீள இறகு. உறைக்குள் வைத்து அனுப்பலாமா?

* * *

வேண்டாம். அமெரிக்காவில் 1918ஆம் ஆண்டின் வலசைப் பறவைகள் ஒப்பந்தச் சட்டம் காக்கைகளையும் உள்ளடக்கும், 1972இல் சேர்த்தார்கள். தானாக உதிர்ந்த இறகை வைத்திருப்பதே அங்கே குற்றம். நீங்கள் ஆசையாக அனுப்பி, பெறுபவர் மாட்டிக்கொள்வார். மற்ற நாடுகளிலும் சுங்கத்தில் பறவைப் பொருள் என்றாலே சந்தேகம்தான்.

இறகை வரையுங்கள், அதில்தான் சுவாரசியம். நடுத்தண்டின் இரண்டு பக்கமும் ஒரே அகலமாக வரைபவர்களே அதிகம். பறக்கும் நீள இறகில் காற்றை வெட்டும் முன்பக்கம் ஒடுக்கமாகவும் பின்பக்கம் அகலமாகவும் இருக்கும். அதை மட்டும் சரியாகப் போட்டால் போதும், இலை இறகாகிவிடும்.

* * *

இறகுக் கேள்வியைப் பார்த்ததும் எனக்கு வந்தது ஞாபகம் வருகிறது. தட்டையான அட்டைதான், ஆனால் ஒரு கம்பியை கொக்கியாக வளைத்து நூலால் தைத்திருக்கிறார். 2002இல் ஆக்ஸ்ஃபோர்டில் பெட்டி என்கிற நியூ கலிடோனியக் காக்கை நேர்க்கம்பியைத் தானே கொக்கியாக வளைத்து, குழாய்க்குள் இருந்த குட்டி வாளியைத் தூக்கி எடுத்ததே, அதற்கு மரியாதையாம். கம்பி நகராதபடி நாலு இடத்தில் தையல், இரண்டு பக்கமும் மெல்லிய அட்டை. முனை கிழிக்காமல் வந்து சேர்ந்தது.

* * *

சரி, அடுத்த சுற்று. மேலே ஒருவர் கேட்ட கோதல்தான் தலைப்பு: தன்னைக் கோதுவதோ அடுத்ததைக் கோதுவதோ, நீங்கள் நேரில் பார்த்ததாக இருக்க வேண்டும். தனி அட்டைக்குப் பதில் இம்முறை ஒரே நீளத் தாள். ஒருவர் ஒரு காக்கை சேர்த்து அடுத்தவருக்கு அனுப்ப வேண்டும். உங்கள் காக்கை முந்தையவரின் காக்கையைத் தொட்டுக்கொண்டிருக்கட்டும். தாள் மடிந்து போகும், அதனால் மடிப்பு விழும் இடத்தில் கண் வரையாதீர்கள். கார்பன் தாள் வேண்டவே வேண்டாம், அடுத்தவர் காக்கை மேல் அச்சாகிவிடும். சேர விருப்பமுள்ளவர்கள் எனக்குத் தனியாக எழுதுங்கள். முகவரியைப் பொதுவில் போட வேண்டாம்.