மெலியச் சொன்ன டொக்டர் கொழுக்க மாத்திரை தந்த கதை

வெள்ளவத்தைவாசி:
எங்கள் சித்தப்பாவுக்குக் கையும் காலும் ஈர்க்கு. வயிறு மட்டும் அவருக்கு முன்னே நடக்கும். "குண்டர்களுக்குத்தான் சீனி வருத்தம்" என்று சொல்லிக்கொண்டே காலி வீதிக் கடைகளில் ரோல்ஸ் சாப்பிட்டவர். கிளினிக்கில் தாதி இடுப்பைச் சுற்றி நாடாவைப் பிடித்தார்: 97 சென்டிமீற்றர். தெற்காசிய ஆண்களுக்கு 90தான் எல்லை.

சீனி வருத்தம் அவருக்கும் வந்திருந்தது. அதற்குக் கொடுத்த மெட்ஃபோமின் மாத்திரை போதாமல் பையோகிளிட்டசோன் என்ற இன்னொரு மாத்திரையும் சேர்ந்தது. சீனி இறங்கியது, எடையோ கூடியது! "மெலியச் சொல்லிவிட்டுக் கொழுக்க மருந்து தருகிறீர்களே, டொக்டர்!"

அவர் சிரித்தார். "ஐயா, கொழுப்பும் ஹோர்மோன் சுரக்கும். அதில் அடிபோனெக்டின் என்று ஒன்று, ஈரலையும் தசையையும் இன்சுலினுக்குப் பணிய வைக்கும். தொப்பை பெருத்தால் அது குறைந்துவிடும். இந்த மாத்திரை தோலுக்குக் கீழே சின்னச் சின்னப் புதுக் கொழுப்புக் கலங்களை உண்டாக்கும். ஈரலில் தேங்கியது குறையும், அடிபோனெக்டினும் கூடும்." சொல்லிக்கொண்டே கணுக்காலைப் பெருவிரலால் அழுத்திக் குழி விழுகிறதா என்று பார்த்தார். உடம்பில் நீர் கோர்க்குமாம். இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு இதைக் கொடுப்பதே இல்லை.

கொட்டாஞ்சேனை பார்மசிக்காரன்:
என்னிடம் ஒரு தங்கை கைபேசியில் படம் காட்டி "லெப்டின் குளிசை இருக்கிறதா, அண்ணா?" என்று கேட்டார். லெப்டினும் கொழுப்பு சுரப்பதுதான், பசியை அடக்கும். 1994இல் நியூயோர்க்கில் ஜெஃப்ரி ஃபிரீட்மனின் ஆய்வுகூடம் அதன் மரபணுவைக் கண்டுபிடித்தபோது, பருமனுக்கு மருந்து வந்துவிட்டது என்றே பலர் நம்பினார்கள். ஆனால் பருத்தவர்களில் பெரும்பாலோரின் இரத்தத்தில் லெப்டின் ஏற்கெனவே ஏராளம். மூளைதான் அதற்குச் செவிசாய்ப்பதில்லை. பிறவியிலேயே அது இல்லாத ஒன்பது வயதுச் சிறுமிக்கு இங்கிலாந்தில் ஊசியாக ஏற்றியபோது எடை மளமளவென்று இறங்கியது. 1999இல் வெளியான செய்தி. அதுவும் ஊசி. புரதமான லெப்டினை விழுங்கினால் வயிற்றிலேயே செரித்துவிடும். பிறகு குளிசையில் என்ன இருக்கிறது என்று நீங்களே யோசியுங்கள். தங்கை அடுத்த கடைக்குத்தான் போயிருப்பார்.

தெஹிவளை அக்கா:
என் மாமிக்குப் பையோகிளிட்டசோன் வேண்டாம் என்றுவிட்டார்கள். போன வருடம் மணிக்கட்டு முறிந்தது. பெண்களுக்கு எலும்பு முறியும் வாய்ப்பை அது கூட்டுமாம். எடை நன்றாகக் குறைந்தால் அடிபோனெக்டின் தானே கூடும், நடவுங்கள் என்றார்கள். பின்னேரங்களில் காலிமுகத்திடலுக்கு அழைத்துப் போகிறேன். மாமி இறால் வடை வண்டிவரை நன்றாகத்தான் நடக்கிறார்.