வாழை நார் வெளுக்கவே இல்லை, பெராக்சைடு பொங்கிவிடுகிறது: அவசர உதவி

மேடவாக்கம்_மாணவி, செவ்வாய் இரவு 10.40
கோயம்பேட்டில் கழித்துப்போட்ட வாழை மட்டையிலிருந்து செல்லுலோஸ் (காகிதத்துக்கு அடிப்படையான நார்ப்பொருள்) பிரிக்கிறேன். குளோரின் கூடாது. காஸ்டிக் சோடாவில் வேகவைத்து, அலசி, வெளுக்க ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றினேன். ஐந்தே நிமிடத்தில் சோறு பொங்குவதுபோல் பொங்கி அடங்கிவிட்டது. நார் அதே பழுப்பு, நடுவே கறுப்புப் புள்ளிகள் வேறு. வெள்ளிக்கிழமை கல்லூரியில் காட்ட வேண்டும். எங்கே தவறு?

பச்சைநார்
எத்தனை சதவீதக் காஸ்டிக்? எவ்வளவு நேரம்? என்ன பாத்திரம்? அலுமினியம் என்றால் உடனே நிறுத்துங்கள். காஸ்டிக் அதை அரித்து ஹைட்ரஜன் வாயு கிளம்பும்.

அம்பத்தூர்_சாயம்
பிளீச்சிங் பவுடர் ஒரு கரண்டி போடுங்கள். பத்து நிமிடத்தில் வெள்ளை.

காகிதம்72
குளோரின் கூடாது என்று எழுதியிருப்பதையாவது படித்துவிட்டுப் பதில் சொல்லலாம். நாரை இறுக்கிப் பிடித்திருக்கும் லிக்னின் என்ற பொருளோடு குளோரின் சேர்ந்தால் எளிதில் சிதையாத நச்சுகள் உண்டாகும். மாணவிக்கு ஒரு சொல்: செறிவு, காரத்தன்மை, வெப்பநிலை எதையும் குறிக்காமல் சோதனையில் இறங்குவது எங்கள் காலத்தில் நடக்காது.

வேதிமணி
தாவரத் திசுவில் கேட்டலேஸ் நொதி உண்டு. அதுதான் பெராக்சைடை உடைக்கிறது. உருளைக்கிழங்குத் துண்டின்மேல் ஊற்றிப் பாருங்கள், இதே நுரைதான்.

காகிதம்72
காஸ்டிக்கில் வெந்த நாரில் எந்த நொதி பிழைத்திருக்கும்?

மேடவாக்கம்_மாணவி
5% காஸ்டிக், 80 டிகிரி, 2 மணி நேரம். மருந்துக்கடையில் வாங்கிய 6% பெராக்சைடு. பாட்டியின் பழைய இரும்புச் சட்டி. போர் தண்ணீர். இதெல்லாம் முக்கியமா?

பச்சைநார்
இதுதான் முக்கியம்! இரும்பு பட்டால் பெராக்சைடு நீராகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்துவிடும். நாரை வெளுக்க ஒன்றும் மிஞ்சாது. கறுப்புப் புள்ளிகள் வாழையின் துவர்ப்புப் பொருளும் இரும்பும் சேர்ந்த கறை. அரிவாளில் வாழைக்காய் நறுக்கினால் விரல் கறுக்கிறதே, அந்த உறவுதான். உங்கள் போர் தண்ணீரை ஒரு வாளியில் இரவு முழுவதும் வைத்துப் பாருங்கள். அடியில் செந்நிறம் படிந்தால் தண்ணீரிலும் இரும்பு.

எவர்சில்வர் பாத்திரத்துக்கு மாறுங்கள். கேன் தண்ணீரில் சிறிது எலுமிச்சை உப்பைக் (சிட்ரிக் அமிலம்) கரைத்து, நாரை அரை மணி நேரம் ஊறவைத்து அலசினால் ஒட்டியிருக்கும் இரும்பு கழன்றுவரும். பிறகு பெராக்சைடில் சில துளி காஸ்டிக் கரைசல் விட்டு, காரத்தன்மையைக் காட்டும் பிஎச் தாளில் 11 காட்டியதும் நாரைப் போட்டு, 60 முதல் 70 டிகிரியில் ஒரு மணி நேரம் வையுங்கள். கையுறை, கண்ணாடி கட்டாயம்.

வேதிமணி
சரி, நொதி இல்லை. ஆனால் காஸ்டிக் கழிவைச் சாக்கடையில் விட்டுவிட்டுச் சுற்றுச்சூழலுக்கு உகந்த முறை என்று எப்படிச் சொல்வது? மேடவாக்கத்துக்குப் பக்கத்திலேயே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம், 2022 இல் ராம்சார் தலமானது, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலம்.

அம்பத்தூர்_சாயம்
வினிகர் ஊற்றிச் சமன்செய்தால் போதுமே.

காகிதம்72
போதாது. காரம் அடங்கும், நாரிலிருந்து கரைந்த பொருள்கள் அங்கேயேதான் இருக்கும், அவை சிதையும்போது நீரின் ஆக்சிஜனை உறிஞ்சும். காகித ஆலைகளில் வேகவைத்து மிஞ்சும் இந்தக் கறுப்பு நீரைச் சுண்டவைத்துக் கொதிகலனில் எரித்துக் காரத்தை மீட்கிறார்கள்.

வேதிமணி
வீட்டில் யாரிடம் கொதிகலன் இருக்கிறது?

பச்சைநார்
அமிலம் விட்டு நீரை நன்றாக அமிலத்தன்மைக்குக் கொண்டுவந்தால் லிக்னினில் ஒரு பகுதி பழுப்புக் கசடாகத் திரியும். வடிகட்டலாம். முழுத் தீர்வு இல்லைதான்.

மேடவாக்கம்_மாணவி, வியாழன் இரவு 11.15
எவர்சில்வர், கேன் தண்ணீர், எலுமிச்சை உப்பு. பொங்கவில்லை. நார் மோர் நிறத்துக்கு வந்துவிட்டது, புள்ளிகள் இல்லை. வாளியின் அடியில் செம்மண் போலப் படிந்திருந்தது. எல்லோருக்கும் நன்றி.

வேதிமணி
வாழ்த்துகள். கறுப்பு நீரை என்ன செய்தீர்கள்?