.22 பிஸ்டலுக்கும் ரைஃபிளுக்கும் ரெட் டாட்: எதைப் பார்த்து எடுப்பது?

கதிர்22:
வணக்கம் நண்பர்களே. .22 செமி ஆட்டோ பிஸ்டலுக்கும் (25 மீட்டர் பேப்பர் டார்கெட், அவ்வப்போது ஸ்டீல் பிளேட்) .22 ரைஃபிளுக்கும் (50 மீட்டர்) ரெட் டாட் (கண்ணாடியில் ஒளிப்புள்ளி காட்டும் குறிபார்ப்பான்) போட எண்ணம். பிஸ்டலில் மேலே பிக்கட்டினி ரெயில் (குறுக்குப் பள்ளங்கள் உள்ள தண்டவாளம்), ரைஃபிளில் 11 மி.மீ. டவ்டெயில் (சரிவான ஓரம் கொண்ட வரிப்பள்ளம்). புள்ளி அளவு 2, 3.5, 6 எம்.ஓ.ஏ. (கோண அளவு, ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு) என்று இருக்கிறது. எது எதற்கு? திறந்த வகையா, மூடிய வகையா? ஒன்றையே வாங்கி மாற்றி மாற்றிப் போடலாமா? இன்னொன்று: பார்த்த டாட்களில் எல்லாம் புள்ளி வட்டமாக இல்லாமல் வால் முளைத்த மாதிரி தெரிகிறது. கருவியில் குறையா?

நேர்கோடு:
காசு கொடுப்பதற்கு முன் போட்டி விதியைப் பாருங்கள். ஐ.எஸ்.எஸ்.எஃப். (சர்வதேச துப்பாக்கி சுடுதல் கூட்டமைப்பு) பிஸ்டல் போட்டிகளில் கண்ணாடி இல்லாத சாதாரண முன்-பின் சைட் மட்டும்தான். டாட், லேசர், டெலஸ்கோப் எதுவும் கூடாது. ஓடியபடி சுடும் ஐ.பி.எஸ்.சி. போட்டியில் ஓப்பன், புரொடக்‌ஷன் ஆப்டிக்ஸ் பிரிவுகளில் டாட் உண்டு, ஸ்டாண்டர்ட் பிரிவில் கிடையாது.

புள்ளி அளவுக்குக் கணக்கு எளிது. 1 எம்.ஓ.ஏ. என்பது 100 மீட்டரில் 2.9 செ.மீ.; 50 மீட்டரில் 14.5 மி.மீ.; 25 மீட்டரில் 7.3 மி.மீ. அப்படியானால் 6 எம்.ஓ.ஏ. புள்ளி 25 மீட்டரில் 44 மி.மீ. இடத்தை மறைக்கும். 25 மீட்டர் பிரிசிஷன் டார்கெட்டில் பத்தாம் வளையம் 50 மி.மீ. பயப்பட வேண்டாம், 200 மி.மீ. கருவட்டத்தின் நடுவில் 44 மி.மீ. புள்ளியை நிறுத்துவது கண்ணுக்குச் சுலபம். கை ஆட்டம் புள்ளி அளவோடு ஒப்பிடச் சிறிதாகத் தெரிவதால் ட்ரிக்கரைப் படக்கென்று இழுக்கும் பழக்கமும் குறையும். ஸ்டீல் பிளேட்டுக்கும் பெரிய புள்ளிதான் சட்டென்று கண்ணில் படும். பிஸ்டலுக்கு 3.5 முதல் 6 வரை எடுங்கள்.

ரைஃபிள் விஷயம் வேறு. 50 மீட்டர் ரைஃபிள் டார்கெட்டில் பத்தாம் வளையம் 10.4 மி.மீ., ஒன்பதாம் வளையம் 26.4 மி.மீ. நீங்கள் சொன்னதில் மிகச் சிறியதான 2 எம்.ஓ.ஏ. புள்ளியே அங்கே 29 மி.மீ. ஒன்பதையும் சேர்த்து மூடிவிடும். அந்த டார்கெட்டில் மதிப்பெண் எடுப்பதுதான் நோக்கம் என்றால் ரைஃபிளுக்கு டாட் வேண்டாம், ஸ்கோப் போடுங்கள். டாட்டுக்குப் பின்னால் 3 மடங்கு மேக்னிஃபயர் (பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடி) வைத்தாலும் புள்ளியும் சேர்ந்து பெரிதாகும்; மறைக்கும் இடம் அதேதான்.

'பாரலாக்ஸ் (கண் நகர்ந்தால் குறியும் நகர்வது) இல்லை' என்ற விளம்பரத்தையும் அளந்து நம்புங்கள். ஒளி இணையாக வெளியே வரும் டாட்டில், கண் நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு விலகுகிறதோ அதே அளவு குண்டும் விலகும், தூரம் எதுவானாலும். 20 மி.மீ. கண்ணாடியின் ஓரத்தில் புள்ளியை வைத்துச் சுட்டால் ஏறக்குறைய 1 செ.மீ. தவறு. 100 மீட்டரில் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். 10 மீட்டரின் சிறிய டார்கெட்டில் அதுவே வளையத்தைத் தின்றுவிடும். கிட்டத்தில் சுடும்போது புள்ளி கண்ணாடியின் நடுவில் இருக்கட்டும்.

செங்குறி:
வால் முளைத்த புள்ளிக்கு முதலில் ஒரு சோதனை. துப்பாக்கியில் இல்லாத தனி டாட்டைக் கையில் எடுத்து, வெளிச்சத்தைக் குறைத்து, உள்ளே பார்த்தபடி மெல்லச் சுழற்றுங்கள். வாலும் சேர்ந்து சுழன்றால் கருவியில் அல்லது கண்ணாடி அழுக்கில் கோளாறு. கருவி சுழன்றும் வால் அதே பக்கம் நின்றால் அது உங்கள் கண்ணின் ஆஸ்டிக்மாட்டிசம் (கண்ணின் வளைவு சீராக இல்லாத குறை). செல்போன் கேமராவில் படம் எடுத்தும் பார்க்கலாம்.

திறந்த வகையில் புள்ளியை உண்டாக்கும் எல்.இ.டி. வெளியே தெரியும், மூடிய வகையில் அது கூட்டுக்குள் இருக்கும். வெளியே தெரியும் எல்.இ.டி.மேல் ஒரு மழைத்துளியோ எண்ணெய்த் துளியோ விழுந்தால் புள்ளி சிதறிவிடும், சில நேரம் காணாமலே போகும். .22 குண்டுகளில் மெழுகும் கரியும் அதிகம், செமி ஆட்டோவில் அது பின்னாலும் தெறிக்கும். அதனால் என் ஓட்டு மூடிய வகைக்கே. எய்ம்பாயின்ட் அக்ரோ பி-2 (3.5 எம்.ஓ.ஏ.), ஹோலோசன் 509 டி, குழாய் வடிவில் எய்ம்பாயின்ட் மைக்ரோ ஹெச்-2 எல்லாம் இந்த ரகம். எடையும் விலையும் கூடும். திறந்த வகையில் பேட்டரி எங்கே இருக்கிறது என்று பாருங்கள்: டிரிஜிகான் ஆர்.எம்.ஆர்.-இல் அடியில் இருப்பதால் மாற்றக் கழற்ற வேண்டும். ஹோலோசன் 507 சி-யில் பக்கவாட்டுத் தட்டை இழுத்தால் போதும்.

ஈயோடெக் ஹோலோகிராஃபிக் சைட் லேசரில் இயங்குவது. 68 எம்.ஓ.ஏ. வளையத்துக்குள் 1 எம்.ஓ.ஏ. புள்ளி, வேகத்துக்கு அருமை. ஆனால் மைக்ரோ ஹெச்-2 ஒரு சி.ஆர். 2032 பேட்டரியில் 50,000 மணி நேரம் ஓடும் என்றால், ஈயோடெக்கின் எக்ஸ்.பி.எஸ். 2 ஒரு சி.ஆர். 123 பேட்டரியில் அதில் ஒரு சிறு பங்குதான் ஓடும்.

கதிர்22:
நன்றி அண்ணா. சுழற்றிப் பார்த்தேன், வால் அதே பக்கம்தான் நிற்கிறது. கேமராவில் வட்டமாக வருகிறது. அப்போது கண்தான். இதற்கு என்ன வழி? மாட்டும் முறையும், ஜீரோ செய்வதும் (குறி வைத்த இடத்தில் குண்டு படும்படி டாட்டைச் சரிசெய்வது) சொல்லுங்கள்.

செங்குறி:
பார்வைக்கான கண்ணாடியை (சிலிண்டர் பவரோடு) போட்டுச் சுடுங்கள், அதுதான் உண்மையான தீர்வு. அதோடு புள்ளியின் பிரகாசத்தை, அது கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு மட்டும் குறைத்து வையுங்கள். பிரகாசம் கூடினால் வாலும் நீளும். பச்சைப் புள்ளி சிலருக்குத் தெளிவாக இருக்கிறது, வாங்கும் முன் பார்த்துவிடுங்கள். தானியங்கி வெளிச்சம் உள்ள டாட் என்றால் அணைத்துவிட்டுக் கையால் வையுங்கள்: நீங்கள் கூரை நிழலில், டார்கெட் வெயிலில் என்றால் சென்சார் நிழலை அளந்து புள்ளியை மங்கலாக்கும், வெயிலில் அது கரைந்துவிடும்.

மணல்மேடு:
மாட்டுவதற்கு முன் மேகசினைக் கழற்றி, சேம்பர் (குண்டு உட்காரும் அறை) காலி என்று கண்ணாலும் விரலாலும் பாருங்கள். ரெயில், ஸ்க்ரூ, துளை மூன்றையும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் எண்ணெய் போகத் துடையுங்கள். மவுண்ட்டின் குறுக்குப் பட்டை ரெயில் பள்ளத்தில் உட்கார்ந்ததும், டாட்டை முன்பக்கமாகத் தள்ளிப் பிடித்தபடி முறுக்குங்கள். பின்னுதைப்பில் துப்பாக்கி பின்னால் போகும், டாட் அங்கேயே நிற்கப் பார்க்கும். இடைவெளி விட்டால் முதல் பத்துச் சுற்றிலேயே ஜீரோ நகரும். முறுக்கு அளவு கையேட்டில் இருப்பதே, ஆர்.எம்.ஆர். ஸ்க்ரூவுக்கு 12 இன்ச் பவுண்ட், அதாவது சுமார் 1.4 நியூட்டன் மீட்டர். மணிக்கட்டு பலத்தில் முறுக்கினால் மரை போய்விடும். மரையில் நீல நிற திரெட்லாக்கர் (ஸ்க்ரூ தளராமல் பிடிக்கும் பசை) ஒரு துளி போதும், சிவப்பு வேண்டாம். வழிந்தால் கண்ணாடியிலோ எல்.இ.டி.யிலோ படும்.

ஜீரோ: மணல் மூட்டையில் வைத்து முதலில் 10 மீட்டர், பிறகு 25. ஒரு குண்டை நம்பித் திருகாதீர்கள். ஐந்து சுட்டு, துளைகளின் கூட்டத்தின் நடுவை அளந்து பாருங்கள். திருகின் ஒரு கிளிக் 1 எம்.ஓ.ஏ. நகர்த்தும் டாட்டில் 25 மீட்டரில் ஒரு கிளிக் 7.3 மி.மீ. கூட்டம் 5 செ.மீ. கீழே, 3 செ.மீ. இடப்பக்கம் என்றால் மேலே 7, வலப்பக்கம் 4. திருகில் உள்ள அம்புக்குறி குண்டு நகரும் திசை. கண்ணாடிக்குள் புள்ளி எதிர்ப்பக்கம் நகர்வதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். திருகியதும் இரண்டு குண்டு சும்மா சுட்டுவிட்டு, மறுபடி ஐந்து. 25 மீட்டரில் ஜீரோ ஆன .22 பிஸ்டலில், டாட் குழலுக்கு 3.5 செ.மீ. மேலே இருந்தால், 10 மீட்டரில் குண்டு 1 முதல் 1.5 செ.மீ. வரை கீழே விழும். அது பிழையல்ல, திருத்தாதீர்கள்.

நேர்கோடு:
மாற்றி மாற்றிப் போடுவது பற்றி: முடியும், ஆனால் ஒவ்வொரு முறையும் ஜீரோவைச் சரிபார்க்க வேண்டியிருக்கும். அதுபோக டவ்டெயிலுக்குத் தனி மவுண்ட் வேண்டும், அது பிக்கட்டினியில் உட்காராது. பிஸ்டலுக்கு மூடிய வகை, 3.5 அல்லது 6. ரைஃபிளுக்கு ஸ்கோப். ஸ்கோப் இப்போது இல்லையென்றால் ரைஃபிள் கொஞ்ச நாள் காத்திருக்கட்டும்.