கைக்காவலுக்கு ஒரு சீட்: அட்வான்ஸ் கட்டியவர்களும் கட்டாதவர்களும் சொல்லுங்கள்

தக்கலையிலிருந்து ஒரு அம்மா

மகனுக்கு வருகிற மே மாதம் மூன்று வயது முடிகிறது. பத்மநாபபுரத்துச் சரஸ்வதி திருவனந்தபுரத்துக்கு எழுந்தருளிப் போயிருந்த நவராத்திரி நாட்களில்தான், விஜயதசமியன்று பக்கத்துக் கோயிலில் அரிசியில் விரல் பிடித்து எழுத வைத்தோம். வீட்டுக்கு வந்த கையோடு மாமி, "இனி பள்ளிக்கூடம் பாக்கணும் மக்ளே" என்று தொடங்கிவிட்டார்கள். அதிலிருந்து நான்கு மாதமாக இதே பேச்சுதான்.

இரண்டு இடத்தில் அப்ளிகேஷன் போட்டிருக்கிறோம். ஒன்று நாகர்கோவிலில், என் அலுவலகத்திலிருந்து ஐந்து நிமிட நடை. பேர் பெற்ற பள்ளி, பிரீ-கேஜியில் சேர்ந்துவிட்டால் பிளஸ் டூ வரை யோசிக்க வேண்டாம். ஆனால் யார் யாருக்கு இடம் என்பது ஏப்ரல் கடைசியில்தான் தெரியும். இன்னொன்று தக்கலையிலேயே, வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம். நாகர்கோவிலில் கிடைக்காவிட்டால் இது இருக்கட்டும் என்று கைக்காவலாக வைத்திருக்கிறோம். சின்னப் பள்ளி, இருபத்தைந்து பிள்ளைகள். அவர்கள் பிப்ரவரி 10-க்குள் ரூ.7,500 கட்டினால் இடம் நிச்சயம் என்கிறார்கள். பணம் திரும்பக் கிடைக்குமா என்று கேட்டேன். "அதெல்லாம் பாத்துக்கலாம்" என்றார்கள். வீட்டுக்கு வந்து அப்ளிகேஷனைப் பிரித்துப் பார்த்தால், கடைசி வரியில் "திரும்பத் தரப்படாது" என்று இருக்கிறது.

அவர் மஸ்கட்டில் இருக்கிறார். ஓவர்டைம் பார்த்து அனுப்புகிற பணம். நாகர்கோவிலில் இடம் கிடைத்துவிட்டால் இந்த ஏழாயிரத்து ஐநூறும் போச்சு. கட்டாமல் விட்டு அங்கேயும் கிடைக்காமல் போனால் ஜூன் மாதம் பிள்ளையை எங்கே கொண்டு விடுவேன்? ராத்திரி இரண்டு மணிக்கு முழிப்பு வந்தால் இதுதான் மனதில் ஓடுகிறது. நீங்கள் என்ன செய்தீர்கள், பிறகு என்ன ஆனது என்று எழுதுங்கள். எது சரி என்று மட்டும் சொன்னால் எனக்குப் போதாது, நடந்ததைச் சொல்லுங்கள்.

குலசேகரத்திலிருந்து ஒரு அம்மா

நான் கட்டினேன், பணம் போனது. எங்களுக்கு வருமானம் ரப்பர்தான். தை, மாசியில் இலை உதிர்ந்து வெட்டு நிற்கும். பள்ளிக்கூடங்கள் அட்வான்ஸ் கேட்பதும் சரியாக அந்த நேரத்தில்தான். மோதிரத்தைப் பணயம் வைத்து ஐயாயிரம் கட்டினேன். கட்டும்போது, "இது அட்வான்ஸ்தான், ஜூன் மாசக் கட்டணத்தில கழிச்சுக்கலாம்" என்று வாயால் சொன்னார்கள். ரசீதில் எழுதியிருந்தது "சேர்க்கைக் கட்டணம்". அன்றைக்கு நான் அதைப் படிக்கவே இல்லை.

மார்ச் மாதம் மார்த்தாண்டத்தில் நாங்கள் ஆசைப்பட்ட பள்ளியிலேயே இடம் கிடைத்தது. சந்தோஷமாகப் போய்ப் பணத்தைத் திருப்பிக் கேட்டேன். ரசீதை என் பக்கம் திருப்பிக் காட்டினார்கள், அவ்வளவுதான். என் கொழுந்தன் அப்போது இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தான். சேர்ந்துவிட்டு விலகினால் கல்லூரி பணத்தைத் திருப்பித் தரவேண்டும் என்று யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதி இருக்கிறது, போய் வாதாடுவோம் என்றான். விசாரித்ததில் அந்த விதி உயர்கல்வி நிறுவனங்களுக்கு மட்டும்தானாம். பிளே ஸ்கூலுக்கு அதைக் காட்டி ஒன்றும் பேச முடியாது. அப்புறம் விட்டுவிட்டோம்.

வருத்தம் இருக்கிறதா என்றால், கட்டியதில் இல்லை. அந்த ஒன்றரை மாதம் நிம்மதியாகத் தூங்கினேன். வாயால் சொன்னதை நம்பியதில்தான் வருத்தம். அக்கா, ரசீதில் என்ன வார்த்தை எழுதுகிறார்கள் என்று கண்ணால் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.

குளச்சலிலிருந்து ஒரு அப்பா

நான் கட்டவில்லை. என் தங்கச்சி படித்த பள்ளி, எங்களைத் தெரிந்த இடம், நிச்சயம் கிடைக்கும் என்று இருந்தேன். பட்டியலில் மகள் பெயர் இல்லை. மறுநாளே இரண்டாவது பள்ளிக்கு ஓடினேன், அங்கே இடம் முடிந்து பத்து நாள் ஆகியிருந்தது.

தனியார் பள்ளியில் நலிந்த பிரிவுப் பிள்ளைகளுக்கான 25 சதவீத இலவச இடத்துக்கு விண்ணப்பிக்கலாமே என்று ஒருவர் சொன்னார். கல்வி உரிமைச் சட்டத்தின் அந்த ஒதுக்கீடு சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்குப் பொருந்தாது. நம் மாவட்டத்தில் பழைய பள்ளிகளில் நிறைய கிறிஸ்தவ சபைகள் நடத்துபவைதானே. நான் மனதில் வைத்திருந்த இரண்டுமே அப்படிப்பட்டவை. அந்த வழியும் அடைந்தது.

ஜூன் மாதம் மழையில் நனைந்துகொண்டு மகளை அங்கன்வாடியில் கொண்டு விட்டேன். அன்று மனசு சரியில்லை, மறைக்க விரும்பவில்லை. ஒரு மாதம் கழித்து அவள் வீட்டில் பாட்டுப் பாடிக் கை தட்டுகிறாள், தன் தட்டைத் தானே கழுவுகிறாள். வாரத்தில் மூன்று நாள் முட்டை. வீட்டில் முட்டையைத் தொடாத பிள்ளை அங்கே மற்ற பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிடுகிறாள். அடுத்த வருடம் எல்கேஜியும் அரசு நடுநிலைப் பள்ளி வளாகத்திலேயே கிடைத்தது. 2019-ல் தமிழகம் முழுவதும் 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்கேஜி, யுகேஜி தொடங்கினார்கள், அப்படி ஒன்று எங்கள் பக்கத்திலும் இருந்தது. அட்வான்ஸ் கேட்காத கைக்காவல் அது. எங்கேயும் கிடைக்காவிட்டால் பிள்ளை தெருவில் நிற்கும் என்று மட்டும் நினைக்காதீர்கள் சகோதரி.

பார்வதிபுரம் பக்கம் பிளே ஸ்கூல் நடத்தியவர்

நான் அந்தப் பக்கத்து நாற்காலியில் பதினொரு வருடம் உட்கார்ந்திருந்தவள். இப்போது மூடிவிட்டேன், அதனால் மனம்விட்டு எழுதலாம்.

ஆரம்பத்தில் நான் அட்வான்ஸ் வாங்கவே இல்லை. பேர் மட்டும் எழுதிக்கொள்வேன். ஒரு வருடம் முப்பது பேர் எழுதினார்கள், ஜூன் மாதம் வந்தது பத்தொன்பது பிள்ளைகள். முப்பது பேரை நம்பி மே மாதமே இரண்டு டீச்சர், இரண்டு ஆயா, ஒரு வேன் என்று பேசி வைத்திருந்தேன். ஆகஸ்டில் ஒரு ஆயாவை நிறுத்த வேண்டி வந்தது. நல்ல கை அவருக்கு. பிள்ளைகள் அவர் மடியில்தான் தூங்கும். அந்த வருடத்துக்கு அப்புறம்தான் மூவாயிரம் வாங்க ஆரம்பித்தேன். ஆக, அட்வான்ஸ் கேட்கிற எல்லாரும் பறிக்கிறவர்கள் இல்லை. அந்தப் பணம்தான் மே மாதச் சம்பளத்துக்கு உதவும்.

ஆனால் இதையும் சொல்ல வேண்டும். என் ரசீதிலும் "திரும்பத் தரப்படாது" என்றுதான் அச்சடித்திருந்தேன். ஏப்ரல் முடிவதற்குள் வந்து கேட்டவர்களுக்குப் பாதியைக் கொடுத்தேன், ஏனென்றால் அந்த இடத்துக்கு வேறு பிள்ளை கிடைத்துவிடும். கேட்கக் கூச்சப்பட்டவர்கள் அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள். ஒரு அம்மா மே கடைசியில் வந்தார். கணவருக்குத் திடீரென்று மாற்றல், ஊரைவிட்டுப் போகிறோம் என்றார். ஆள் எடுத்தாகிவிட்டது, முடியாது என்று சொல்லிவிட்டேன். அவர் எதுவும் பேசவில்லை. ரசீதை நான்காக மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டு எழுந்தார். அந்த வருடம் காத்திருந்த பட்டியலில் நான்கு பிள்ளைகள் இருந்தார்கள். கொடுத்திருக்கலாம். இன்றைக்கும் அது உறுத்துகிறது.

தக்கலைத் தங்கச்சிக்கு: பணம் கட்டுவதற்கு முன்னால் இரண்டு தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். நாகர்கோவில் பள்ளி சொல்லப்போகிற தேதி ஒன்று, தக்கலைப் பள்ளி எந்தத் தேதி வரை பணத்தை, பாதியாவது, திருப்பித் தரும் என்பது இன்னொன்று. இரண்டாவது தேதி முந்தி வந்தால் அதைத் தள்ளித் தர முடியுமா என்று நேராகக் கேளுங்கள். ஒத்துக்கொண்டால் ரசீதின் பின்பக்கம் கையால் எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். நல்லவர்கள் எழுதித் தருவார்கள். கோபப்பட்டால் அதுவும் உங்களுக்கு ஒரு தகவல்தான். மாதக் கட்டணத்தைத் தனி வரியில் எழுதச் சொல்வதும் நல்லது. பழைய வரி முறையில் வருமான வரி கட்டுகிறவர்களுக்கு, பள்ளிக்குக் கட்டியதில் டியூஷன் கட்டணம் மட்டும்தான் கழியும், டொனேஷனும் வளர்ச்சி நிதியும் கழியாது.

இன்னொன்று. எந்தப் பள்ளியாக இருந்தாலும் சாதாரண நாளில் காலை பத்தரை மணிக்குப் போய் உட்காருங்கள். பள்ளியைச் சுற்றிப் பார்க்க வாருங்கள் என்று அவர்களே அழைக்கிற நாளில் எல்லாம் அழகாகத்தான் இருக்கும். பத்தரைக்குப் பிள்ளைகளுக்குப் பசிக்கும், ஒண்ணுக்கு வரும், அழும். அப்போது யார் எழுந்து வருகிறார்கள் என்று பாருங்கள். ஆயாவிடம் இங்கே எத்தனை வருடமாக இருக்கிறீர்கள் என்று கேளுங்கள். கழிப்பறையைப் பாருங்கள். பள்ளி எத்தனை மணிக்கு விடும், விட்ட பிறகு பிள்ளை யார் கையில் இருக்கும் என்று கணக்குப் போடுங்கள். என்னிடம் சேர்க்க வந்தவர்களில் பாதிப் பேர் இந்தக் கடைசிக் கேள்வியை ஜூன் மாதத்தில்தான் கேட்பார்கள்.

அஞ்சுகிராமத்திலிருந்து

பிறந்த தேதியையும் சேர்த்துப் பாருங்கள். என் மகள் ஆகஸ்ட் 12-ல் பிறந்தவள். எல்கேஜிக்கு அட்வான்ஸ் வாங்கிக்கொண்டார்கள். சான்றிதழ் கொடுத்தபோதுதான், ஜூலை 31-ல் மூன்று வயது முடிந்திருக்க வேண்டும், பன்னிரண்டு நாள் குறைகிறது, பிரீ-கேஜியில் போடுங்கள் என்றார்கள். பணத்தை அதற்கே வைத்துக்கொண்டார்கள், நஷ்டமில்லை. ஆனால் ஒரு வருடக் கட்டணம் கூடிவிட்டது.

தக்கலையிலிருந்து மீண்டும்

எல்லோருக்கும் நன்றி. வியாழக்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு, பத்தரைக்குத் தக்கலைப் பள்ளியில் போய் உட்கார்ந்தேன். ஒரு பையன் தண்ணீரைச் சட்டையில் கொட்டிக்கொண்டு அழுதான். ஆயாம்மா வந்து முந்தானையால் துடைத்து, வேறு சட்டை மாட்டி, இடுப்பில் தூக்கிக்கொண்டே மற்றப் பிள்ளைகளுக்குப் பிஸ்கட் கொடுத்தார். ஆறு வருடமாக அங்கே இருக்கிறாராம்.

அடுத்து நாகர்கோவில் பள்ளிக்குப் போன் செய்தேன். பட்டியல் ஏப்ரல் 24-ல் வரும் என்றார்கள். பிரீ-கேஜி எத்தனை மணிக்கு விடும் என்று முதல் தடவையாகக் கேட்டேன். பன்னிரண்டரைக்கு. எனக்கு அலுவலகம் விடுவது ஐந்தரைக்கு. என் அலுவலகம் பக்கத்தில் இருக்கிறது என்பதை வைத்தே நான்கு மாதம் கனவு கண்டிருக்கிறேன். பன்னிரண்டரையிலிருந்து ஐந்தரை வரை அவன் எங்கே இருப்பான் என்று யோசிக்கவே இல்லை. மாமியால் வில்லுக்குறி, தோட்டியோடு, சுங்கான்கடை என்று தினமும் பஸ்ஸில் போய்க் கூட்டிவர முடியாது, முட்டு வலி. தக்கலைப் பள்ளிக்கு மாமி குடை பிடித்துக்கொண்டே நடந்து போய்விடுவார்கள்.

ராத்திரி அவரிடம் பேசினேன். "அப்ப நாம கைக்காவல்னு சொன்னதுதான் நமக்குச் சரிப்பட்ட இடம் போல இருக்கே" என்றார். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசவில்லை. பிளஸ் டூ வரை யோசிக்க வேண்டாம் என்ற ஆசையை விடுவது எனக்குச் சுலபமாக இல்லை.

9-ம் தேதி கட்டிவிட்டேன். கரஸ்பாண்டென்ட் அம்மாவிடம் திருப்பித் தரும் தேதியைக் கேட்டபோது முதலில் தயங்கினார். ஏப்ரல் 15 என்றார். 25 வரை தர முடியுமா என்று கேட்டேன். உள்ளே போய் யாரிடமோ பேசிவிட்டு வந்து, "ஏப்ரல் 25 வரை பாதித் தொகை திருப்பித் தரப்படும்" என்று ரசீதின் பின்பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டார். கை நடுங்கியது எனக்கு, இப்படியெல்லாம் கேட்டுப் பழக்கமில்லை.

நாகர்கோவில் அப்ளிகேஷனைத் திரும்ப வாங்கவில்லை. பெயர் வந்தால் அடுத்த வருடம் எல்கேஜிக்கு அந்த இடத்தைத் தருவார்களா என்று ஏப்ரலில் கேட்டுப் பார்ப்பேன். ரசீதை மாமி வாங்கி, ரேஷன் கார்டு இருக்கிற கவரில் வைத்துவிட்டார்கள்.